நூற்றுப் பத்தாவது அடி

கம்பெனியிலிருந்து கொடுத்தனுப்பிய சட்டை நேற்றிலிருந்து பிளாஸ்டிக் பையிலேயே கிடந்தது. கௌசியா அதை வெளியே எடுத்து, மடிப்புப் போக இஸ்திரி போடலாமென்று கட்டிலில் விரித்தாள். காலர் வைத்த நீல டீ-ஷர்ட். இடது மார்பில் ரிக் லாரி படமும் கம்பெனி பெயரும். திருப்பிப் போட்டால் முதுகில் வெள்ளை எழுத்தில் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள். எட்டாவது வரை படித்தவள்தான்; எழுத்துக் கூட்டினால் வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை ஒரு கையில் பிடித்தபடியே கூட்டிப் பார்த்தாள். வந்துவிட்டது.

“ஏனுங்க, இங்க வாங்க. இதுல என்னுங்க எழுதியிருக்குது?”

“கம்பெனி பேரு.” கலீலுல்லா கண்ணாடி முன்னால் நின்று கத்தரிக்கோலால் தாடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“கம்பெனி பேரு முன்னாடி இருக்குது. பின்னாடி?”

“எல்லாருக்கும் அடிச்சிருக்குது கௌசி. போட்டுக்கச் சொன்னாங்க, போட்டுக்கறேன்.”

“முதலாளி ஊட்டுச் சித்தார்த் தம்பிக்கும் சைட் ஹெல்ப்பர்னுதான் அடிச்சிருக்குதுங்களா?”

கத்தரிக்கோல் நின்றது. மறுபடியும் கத்தரிக்கோல் சத்தம்தான் வந்தது.

கௌசியா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். சட்டையைச் சுருட்டிக் கொல்லைக்கு எடுத்துப் போய், சோப்புத் தண்ணீர் வாளிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அமுக்கினாள். காற்றுக் குமிழி விட்டு விட்டு அது உள்ளே போய் உட்காரும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

விஷயம் இதுதான். திருச்செங்கோட்டிலிருந்து உலகமெல்லாம் போர்வெல் போடப் போன ரிக் வண்டிகளில் தமிழரசு முதலாளியின் வண்டிகளும் உண்டு. இரண்டாயிரத்து ஆறில் அவருடைய இரண்டு வண்டிகள் கப்பலேறித் தான்சானியாவுக்குப் போனபோது, கூடவே டிரில்லராகப் போனவர் கலீலுல்லா. பதினோரு வருஷம் அங்கே இருந்தார். இருநூற்றுச் சொச்சம் போர் போட்டார். ஆற்றுப் படுகையில் குழி தோண்டி மாடும் மனுஷரும் ஒன்றாகக் குடித்துக்கொண்டிருந்த ஊர்களில், குழாயை அழுத்தினால் தண்ணீர் வரும்படி செய்துவிட்டு வந்தார். அந்த ஊர்க்காரர்கள் அவரை இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டார்களாம். திரும்பி வந்தபிறகு கம்பெனி யார்டில் பாறை துளைத்துத் தேய்ந்த பிட்டுகளுக்கு வெல்டு வைத்துக்கொண்டிருக்கிறார். அறுபத்தொன்று ஆகிறது.

இப்போது அந்த நாட்டுத் தண்ணீர் இலாகாவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருக்கிறாள். புதிதாக நாற்பது போருக்கு ஒப்பந்தம் பேச. அந்தப் பெண் ஓதி அறுத்த கறிதான் சாப்பிடுவாள் என்று தெரிந்ததும் முதலாளி நேராக மல்லசமுத்திரத்தில் இவர்கள் வீட்டுக்கே காரை விட்டுக்கொண்டு வந்தார். “தங்கச்சி, உன் கை பிரியாணி சாப்ட்டுப்போட்டு அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டே ஆகோணும். உங்க ஊட்லயே வெச்சுக்கலாம். குடும்பம் மாதிரி இருக்கும்ல” என்றார். சீரகச் சம்பா, கறி, நெய் எல்லாம் அவரே அனுப்பிவைத்தார். கிளம்பும்போது கலீலுல்லாவை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பேசியது கௌசியாவின் காதில் விழுந்தது. பேச்சையெல்லாம் சித்தார்த் பார்த்துக்கொள்வான், படித்த பையன், அந்தக் காலத்துப் போர்களெல்லாம் இங்கிருந்து நம் இன்ஜினியர்கள் போட்ட திட்டம் என்றுதான் பேப்பரில் இருக்கிறது, நீ குறுக்கே பேசினால் குழப்பமாகும், பேசாமல் இருந்தால் புது வண்டியோடு உன்னையும் அனுப்பி வைக்கிறேன்.

கலீலுல்லா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் கௌசியாவால் மூன்று நாளாக முழுங்க முடியவில்லை.

“இன்னொருக்கா அந்தூருக்குப் போகோணும்னு அப்படி என்னுங்க ஆசை?”

“ஒரு வேலை பாக்கி இருக்குது.”

“இருந்தாப் போங்க, வேண்டாங்கல. போனா டிரில்லராப் போங்க. ஹெல்ப்பராப் போறதா இருந்தா ஊட்லயே கெடங்க. பதினோரு வருஷம் இந்த ஊட்ல ஒத்தையில கெடந்தேன். கரண்ட் பில்லு, ரேஷன், உங்கம்மா மௌத்து, புள்ள கல்யாணப் பேச்சு, எல்லாத்துக்கும் நான் ஒருத்தி. கேட்டவங்களுக்கெல்லாம் என்ற ஊட்டுக்காரரு ஆப்பிரிக்காவுக்குத் தண்ணி குடுக்கப் போயிருக்காருன்னு சொன்னேன். இப்ப எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஹெல்ப்பர்னு எழுதிக்குவாங்களாமா?”

“எழுதுனா எழுதிட்டுப் போறாங்க கௌசி.”

“நான் உடமாட்டனுங்க.”

அவளுக்கு அந்தப் போர்கள் ஒவ்வொன்றும் தெரியும். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் போன் செய்வார். கார்டில் காசு தீரும் வரைக்கும் பேச்சு. பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை, மிச்சமெல்லாம் அடிக்கணக்கு. இத்தனை அடியில் செம்மண், இத்தனை அடியில் சுக்கான் பாறை, இத்தனை அடியில் கருங்கல், ஹேமர் சிக்கியது, எடுத்தோம். கேட்டுக் கேட்டு அந்த நாட்டுப் பூமிக்குள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கு மனப்பாடமாயிற்று. அதிலும் மகோரோ என்கிற ஊரில் போட்ட ஏழாம் நம்பர் போர் நன்றாக ஞாபகமிருக்கிறது. ஜூமா என்று ஒரு உள்ளூர்க்காரன், காவலுக்கு வைத்திருந்த ஆள், செய்த கூத்தில் அது உப்புப் போராகிவிட்டது. இவர்தான் ஒரு வாரம் மெனக்கெட்டு அடியிலிருந்து அடைத்து நல்ல தண்ணீரை மீட்டார். புற்றுமண்ணை உருட்டி உருட்டிப் போட்டாராம். அந்த வாரம் போனில் அவர் குரலே சரியில்லை. படுபாவி ஜூமா, நல்லா இருப்பானா அவன் என்று கௌசியா அன்றைக்குத் திட்ட ஆரம்பித்தவள், இன்றைக்கும் எப்போதாவது குழாயில் தண்ணீர் உப்பு கரித்தால் அவன் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள்.

பன்னிரண்டரை மணிக்குக் கார் வந்தது. முதலாளி, அவர் மகன் சித்தார்த், விருந்தாளிப் பெண். பெயர் ஸைனபு. முப்பத்தைந்து வயதிருக்கும், நெடுநெடுவென்று உயரம், தலைக்குப் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தவள் கௌசியாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டு இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல் கௌசியா அந்தக் கைகளை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியின் கண் முதலில் கலீலுல்லாவின் வெள்ளைச் சட்டை மேல் போனது. “எங்க பாய், கம்பெனி டீ-ஷர்ட்?”

“ஊறப் போட்டுட்டனுங்க” என்றாள் கௌசியா. “புதுத் துணி பாருங்க. சாயம் போவுதா என்னான்னு பாக்கோணும்ல.”

“இன்னைக்கேவா பாக்கோணும்?”

“பின்ன என்னைக்குங்க பாக்கறது?”

சித்தார்த் சிரிப்பை அடக்கிக்கொண்டு லேப்டாப் பையைத் திறந்தான். இருபத்தாறு வயது. நீல டீ-ஷர்ட்டின் முதுகில் அவனுக்குச் சீஃப் இன்ஜினியர் என்று இருந்தது. அவன் உட்காரும்போது முதுகை நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்த விதத்தில், அது அவனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது என்று கௌசியாவுக்குப் பட்டது.

முதலாளி கொடுத்தனுப்பிய ஸ்பூன் செட்டை ஸைனபு தொடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, எலும்பைத் தனியே ஒதுக்கி, தால்சாவை ஊற்றிப் பிசைந்து நம்மூர்ப் பெண் மாதிரியே சாப்பிட்டாள். கௌசியாவுக்குப் பிடித்துவிட்டது. கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள். கலீலுல்லா தண்ணீர் ஜக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அவருக்கு அந்தப் பெண்ணின் பாஷையான சுவாஹிலி நாம் தமிழ் பேசுவது போலச் சரளமாக வரும். ஸலாமுக்குப் பதில் சொன்னதோடு சரி, வாயைத் திறக்கவில்லை.

சித்தார்த் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி இங்கிலீஷில் விளக்கினான். ஸைனபு பொறுமையாகக் கேட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு பழைய பைலை எடுத்துச் சாப்பிடாத கையால் திறந்து ஏதோ கேட்டாள். சித்தார்த் அப்பாவுக்காகத் தமிழில் சொன்னான்.

“மகோரோ ஏழாம் நம்பர் போரைப் பத்திக் கேக்கறாங்கப்பா. சுத்துவட்டாரத்துல பதினொரு போரு உப்பாப் போயிருச்சாம். அது ஒண்ணு மட்டும் பதினாறு வருஷமா நல்ல தண்ணியாவே குடுக்குதாம். நம்ம ரிப்போர்ட்ல ‘விசேஷ முறையில் சரி செய்யப்பட்டது’ன்னு ஒரே வரிதான் இருக்குதாம். அந்த முறை என்னங்கறாங்க. அது தெரிஞ்சா மத்த பதினொண்ணையும் மீட்டுக்கலாமாம். இத்தனை தூரம் அவங்க வந்ததே அதுக்குத்தானாம்.”

“சொல்லு. நீதான இன்ஜினியரு.”

சித்தார்த் யோசித்து பென்டோனைட் என்றான். போர் அடைக்க விற்கிற களிப்பொடி. ஸைனபு தலையசைத்து மறுத்து, பைலில் ஒரு பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். அந்த வருஷம் அப்படி ஒரு சரக்கு அந்த ஜில்லாவுக்கே வரவில்லையாம், பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். சித்தார்த்தின் காது சிவந்தது.

“கம்பெனி ரகசியம்னு சொல்லுடா” என்றார் முதலாளி பிரியாணியை மென்றபடி. “நாப்பது போரு நமக்கே குடுத்தா, அந்தப் பதினொண்ணையும் வந்து நாமளே அடைச்சுக் குடுப்போம்னு சொல்லு.”

கௌசியா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னுங்க ரகசியம்? அது புத்துமண்ணுங்க தம்பி. கரையான் புத்து. அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க.”

முதலாளி கையைத் தட்டில் உதறினார்.

“தங்கச்சி, நீ உள்ள போ. இது தொழில் பேச்சு.”

“என்ற ஊட்ல இதுக்கும் மேல எங்கீங்க உள்ள போறது? எனக்கென்ன தெரியும், போன்ல கேட்டது. போட்டவரு அதா, ஜக்கைப் புடிச்சுட்டு நிக்கறாரு. பாஷை தெரியும். அவரைக் கேக்கச் சொல்லுங்க.”

“பாய், நான் சொன்னது ஞாபகம் இருக்குதா?”

கலீலுல்லா ஜக்கை மேசை மேல் வைத்தார். முதலாளியைப் பார்க்கவில்லை. கௌசியாவைத்தான் பார்த்தார். ஜெயித்தவர் பார்வை என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அது அப்படி இல்லை. வேண்டாமே என்று கடைசியாக ஒரு தடவை கேட்கிற பார்வையாக இருந்தது.

“கேக்கறதா இருந்தா முழுசாக் கேக்கோணும் கௌசி. பாதியில காதைப் பொத்திக்கக் கூடாது.”

“முழுசாத்தான் சொல்லுங்களேன். யாருக்குப் பயம்?”

அவர் நாற்காலியை இழுத்து ஸைனபுவுக்கு எதிரில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, தேடித் தேடி. பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. ஸைனபு பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கௌசியாவுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் ஜூமா, ஜூமா என்று அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவனைத் திட்டுகிற குரலில் இவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பேசி முடித்து, கலீலுல்லா இந்தப் பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்னேன்னு உங்களுக்கும் சொல்லிப்போடறேன். நாளைக்கு யாரும் தெரியாதுங்கக் கூடாது. அந்தப் போர்ல நூத்திப் பத்தாவது அடியில தண்ணி வந்துச்சு. ஜூமா ஓடி வந்து கையில ஏந்திக் குடிச்சுப் பாத்தாரு. அம்பது வயசு மனுசன். சின்ன வயசுலயிருந்து கையால கெணறு வெட்டுனவரு. என்ற முன்னால வந்து நின்னு, உள்ளங்கையை விரிச்சுக் காட்டிப் போதும்னாரு. கீழ உப்பு இருக்குதுன்னாரு.”

“உங்களுக்குப் புரியலீங்களா?” என்றான் சித்தார்த்.

“நல்லாப் புரிஞ்சுது தம்பி. அங்க போயி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு, பாஷை வந்துருச்சு. ஆனா நான் திருச்செங்கோட்டுக்காரன். ஆயிரம் அடி போறவன். நம்மூர்ல நூத்திப் பத்துல வர்றதைத் தண்ணியாவே சேத்திக்கறதில்ல, ஈரக் கசிவும்போம். அந்த நெனப்புத்தான். ஊரைத் தாண்டி வந்து தண்ணி குடுக்கற எனக்கே நீ சொல்லித் தர்றயான்னு ஒரு எகத்தாளம். அவரு தோளைப் புடிச்சு ஓரமாத் தள்ளிப்போட்டு ராடு மேல ராடு மாட்டுனேன். முந்நூறு அடி போனேன். எரநூத்தி அறுபதுல உப்பை ஒடைச்சு உட்டுட்டேன். பொம்பளைங்க கொடத்தோட வரிசையா நின்னுட்டிருந்தாங்க. மொதக் கொடம் புடிச்ச அம்மா ஒரு வாய் குடிச்சுப்போட்டு என்ற காலடியில துப்புனாங்க.”

கலீலுல்லா மேசை மேலிருந்த ஜக்கை ஓரமாக நகர்த்தினார்.

“முதலாளிக்குப் போன் பண்ணினேன். உள்ளூர் ஆளு கம்ப்ரஸரை நிறுத்தாம உட்டதுலதான் உப்பு ஏறிருச்சுன்னு எழுதி அனுப்புன்னாரு. எழுதுனேன். கையெழுத்துப் போட்டேன். ஜூமாவை வேலையை உட்டு நிறுத்தியாச்சு. ஊர்ல அவரைத்தான் பேசுனாங்க.”

“அந்தப் புத்துமண்ணு?” என்றாள் கௌசியா.

“நாலா நாளு காலையில ஒரு சாக்கு மண்ணை முதுகுல போட்டுக்கிட்டு அவரேதான் வந்தாரு. அவங்க கையால வெட்டுற கெணத்துல உப்பு ஊத்து வந்தா இப்படித்தான் அடைப்பாங்களாம். என்றகிட்டப் பேசலை. உக்காந்து உருட்ட ஆரம்பிச்சாரு. நானும் உக்காந்தேன். எத்தனை உருண்டை போட்டா எத்தனை அடி ஏறும், ராடை வெச்சு எங்கங்க இடிக்கோணும், எந்த அடியில சிமெண்ட் மூடி போடோணும், அது என்ற கணக்கு. மண்ணும் யோசனையும் அவருது. ஏழு நாளு. அதுக்கப்புறமும் ரிப்போர்ட்டை நான் மாத்தி எழுதலை.”

பதினாறு வருஷம். உலை வைக்கும்போது, துணி துவைக்கும்போது, வாயில் வந்தபடியெல்லாம் ஒரு மனுஷனை ஏசியிருக்கிறாள். முகம் தெரியாதவன் என்பதால் தாராளமாகவே ஏசியிருக்கிறாள்.

“ஏனுங்க, அந்த மனுசனை நான் வஞ்சுட்டே இருந்தனுங்களே. ஒரு நாளாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கலாமுங்களே.”

“ஒவ்வொருக்காலும் கேட்டுட்டுத்தான் இருந்தேன் கௌசி. எனக்கு விழ வேண்டிய வசவு. அவரு பேருக்குப் போயிட்டிருந்துச்சு.”

முதலாளி எழுந்துவிட்டார். கைகூடக் கழுவவில்லை. “முடிஞ்சுதா பாய்? கம்பெனி பேரைக் கெடுத்தாச்சா? கையெழுத்துப் போட்டது நீ. அதை மறந்துராத.”

“போட்டனுங்க. மறந்தாத்தானுங்களே. அதனாலதான் இப்ப இன்னொண்ணு போடப் போறேன்.”

“புது வண்டில உனக்கு எடமில்ல. யார்டுக்கும் வர வேண்டாம்.”

“சரிங்க.”

“சரிங்களா? அறுபது வயசுக்கு மேல எவன்யா உனக்கு வேலை குடுப்பான்?” அவர் கௌசியாவின் பக்கம் திரும்பினார். “நீயாச்சும் புத்தி சொல்லு தங்கச்சி. நீ மூட்டுன தீதான் இது.”

ஆமாம், அவள் மூட்டியதுதான். பெயர் வேண்டுமென்றுதான் அவள் மூட்டினாள். பெயர் வந்த கையோடு பழியும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டது. இதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று ஒரு கணம் அவள் மனசு கணக்குப் பார்த்தது. கலீலுல்லாவைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பார்த்த நாட்கள் குறைவு. இப்போது நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

“தீ நல்லாத்தானுங்க எரியுது” என்றாள். “தப்புப் பண்ணுனது என்ற ஊட்டுக்காரரு. மூடி மறைக்கச் சொன்னது நீங்க. அடைச்சுக் குடுத்தது அவரும் அந்த ஜூமாவும். இதுல உங்க இன்ஜினியருங்க எங்கீங்க வந்தாங்க? பிரியாணி திங்க வந்தாங்க. தின்னாச்சு. வெத்தலை வேணும்னா மடிச்சுத் தாரேன், வாங்கிட்டுப் போங்க.”

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கார்க் கதவு அறைகிற சத்தம் கேட்டது. சித்தார்த் பாதி எழுந்து, பாதியில் நின்றான்.

ஸைனபு கலீலுல்லாவிடம் ஏதோ கேட்டாள். ஜூமாவின் அப்பா பெயரும், எந்தக் குடியிருப்பு என்றும் கேட்கிறாளாம். அவர் சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். ஜூமா இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று இவர் கேட்டிருக்க வேண்டும். ஸைனபு உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும். கலீலுல்லா பாக்கி என்று சொன்ன வேலை எதுவென்று கௌசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு ஒரு நோட்டைத் திறந்து வெற்றுப் பக்கத்தில் பேனாவை வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

“எனக்கு அவங்க பாஷை பேச வரும், எழுத வராது” என்றார் கலீலுல்லா. “தமிழ்லதான் எழுதோணும்.”

சித்தார்த் வாசலைப் பார்த்தான். உட்கார்ந்தான். “எழுதுங்க பாய். நான் இங்கிலீஷ்ல மாத்திக் குடுக்கறேன். ஒரு வார்த்தை விடாம.”

தெருவில் ஹாரன் அடித்தது.

“அப்பா கூப்படறாரு சாமி” என்றாள் கௌசியா.

“கேக்குதுங்க.”

அவள் முதலாளி விட்டுப்போன தட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளி ஆண்கள் இருக்கிற மேசையில் அவள் உட்காருவது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. ஸைனபு முழங்கையை ஒதுக்கி இடம் கொடுத்தாள்.

“எங்கயிருந்து ஆரம்பிக்கட்டும்?”

“உங்க பேருல இருந்துங்க. முழுப் பேரு. பக்கத்துலயே டிரில்லர்னு போடுங்க. அப்புறம் அவரு கையை விரிச்சுக் காட்டுனதை எழுதுங்க. அவரைத் தள்ளி உட்டதையும் எழுதுங்க. அதை உட்டுப்போடாதீங்க.”

அவர் எழுத ஆரம்பித்தார். வெல்டிங் வைத்துக் காய்ப்பேறிய விரல்களுக்குள் பேனா நிற்கவில்லை; அழுத்தி அழுத்தி எழுதினார். ஹாரன் மறுபடியும் அடித்தது, இந்த முறை விடாமல். குறுகலான தெரு. காருக்குப் பின்னால் பால் வேன் ஒன்று வந்து நின்று, வழி விடச் சொல்லி அதைவிட நீளமாக அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு டிராக்டர். யாரோ காரை எடுங்க, காரை எடுங்க என்று கத்தினார்கள். மேசையைச் சுற்றி நான்கு தலைகள் அந்தத் தாளின் மேல் குனிந்திருந்தன. வரி இரண்டாவது பக்கத்துக்குத் திரும்பியது.